மூன்று வருஷத்துக்கு ஓர் ஊர்

1963-ல் மத்திய அரசு ஒரு காரியம் செய்தது. படைவீரர்கள் திரளாக இருந்த ஊர்களில் ரெஜிமெண்டுகள் நடத்திவந்த 20 பள்ளிக்கூடங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு ‘சென்ட்ரல் ஸ்கூல்’ என்று பெயர் வைத்தது. இன்றைய கேந்திரிய வித்யாலயாக்கள் அங்கிருந்து முளைத்தவை. இப்போது 1,200-க்கும் மேல் இருக்கின்றன. மாஸ்கோவிலும் காட்மாண்டுவிலும் தெஹ்ரானிலும்கூட ஒவ்வொன்று உண்டு. நம் ஊர்களில் கே.வி. என்றால் இடம் கிடைக்காத பள்ளி, எம்.பி. சிபாரிசுக்கு அலைந்த பள்ளி என்றுதான் ஞாபகம் வரும். ஆனால் அதன் பிறப்புக்குக் காரணம் வேறு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாகும் அப்பாவின் பின்னால் பெட்டியோடு அலையும் பிள்ளையின் படிப்பு அறுந்துபோகக் கூடாது என்பதுதான் நோக்கம்.

அந்தப் பிள்ளைகளுக்காக இந்த நாடு செய்த மிகப் பெரிய ஏற்பாடு இதுதான். நல்ல ஏற்பாடு. ஆனால் அது பாதி வழிதான் வருகிறது என்பது என் எண்ணம். இடமாற்றத்தில் பிள்ளைக்கு எது வலிக்கிறது, எந்த வயதில் வலிக்கிறது, யாருடைய பிள்ளைக்கு அதிகம் வலிக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் மீதிப் பாதி கண்ணில் படும்.

முதலில் கே.வி. தருவதைப் பார்த்துவிடலாம். ஜலந்தரில் ஏழாம் வகுப்புக் கணக்கில் நான்காவது பாடம் நடக்கும்போது கிளம்பிய பிள்ளை செகந்திராபாதில் போய் உட்கார்ந்தால் அங்கே ஐந்தாவது பாடம் நடந்துகொண்டிருக்கும். அதே புத்தகம், அதே சீருடை. காலை வழிபாட்டின் வரிசைகூட மாறாது. சிவாஜி, தாகூர், அசோகா, ராமன் என்று நான்கு அணிகளின் பெயர்களும் பெரும்பாலும் அவையேதான். ‘நான் ராமன் ஹவுஸ்’ என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகலாம். கே.வி. டி.சி.யோடு மாற்றலாகி வருபவரின் பிள்ளையை, வகுப்பு நிரம்பியிருந்தாலும் சேர்த்துக்கொள்வதே விதி. புதிதாகச் சேர்பவர்களிடையே முன்னுரிமை பார்க்கும்போது, கடந்த ஏழு ஆண்டுகளில் அப்பாவோ அம்மாவோ எத்தனை முறை மாற்றலானார் என்பதும் கணக்கில் வருகிறது. அலைச்சலுக்கு மார்க் கொடுக்கும் இடம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை. 1983-ல் அமைக்கப்பட்ட ராணுவ நலக் கல்விச் சங்கம் நடத்தும் ஆர்மி பப்ளிக் ஸ்கூல்கள், கடற்படை, விமானப்படைப் பள்ளிகள் எல்லாம் ஏறக்குறைய இதே வழியில் நடப்பவை. பணத்துக்கும் குறை வைக்கவில்லை. குழந்தைகள் கல்விப்படி மாதம் 2,250 ரூபாயாக இருந்தது. அகவிலைப்படி ஐம்பது சதவீதத்தைத் தொட்டதும் 2024 ஜனவரி முதல் 2,812 ரூபாய் 50 காசாக ஏறியது. இரண்டு பிள்ளைகளுக்குக் கிடைக்கும். விடுதியில் சேர்த்தால் அதற்குத் தனி மானியம்.

ஆக, பாடம் தொடர்கிறது. தொடராதவை வேறு. பழைய பள்ளியில் கோகோ அணியில் இருந்தவள் புதுப் பள்ளியில் பெயர்ப் பட்டியலின் கடைசியில் நிற்கிறாள். அவள் வகுப்பில் வாய் திறக்க மாட்டாள், ஆனால் எழுதக் கொடுத்தால் பக்கம் பக்கமாக எழுதுவாள் என்பது பழைய டீச்சருக்குத் தெரியும். டி.சி.யில் அதை எழுத இடமில்லை. அமெரிக்கர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு பாடத்திட்டம் உள்ள நாடு அது. அங்கே ஒரு ராணுவப் பிள்ளை பள்ளி முடிப்பதற்குள் ஆறு முதல் ஒன்பது முறை பள்ளி மாறுகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 2008-ல் நடைமுறைக்கு வந்த மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தில் இப்போது ஐம்பது மாநிலங்களும் சேர்ந்திருக்கின்றன. அதன்படி, பெற்றோர் கையில் கொண்டுவரும் அதிகாரபூர்வமற்ற மதிப்பெண் நகலை வைத்தே சேர்த்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசி பாக்கியிருந்தால் முப்பது நாள் அவகாசம் தர வேண்டும். பழைய பள்ளியில் எந்த நிலைப் பாடத்தில் இருந்தானோ அதிலேயே உட்கார வைத்துவிட்டு, பிறகு சோதித்துப் பார்க்கலாம். விளையாட்டு அணித் தேர்வின் தேதி கடந்துவிட்டது என்பதற்காக வாசலிலேயே தடுத்துவிடக் கூடாது. எல்லாம் சின்னச் சின்ன விதிகள். ஆனால் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எழுதியவை என்று தெரிகிறது.

இனி, இடமாற்றம் பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதில் ஆய்வாளர்கள் ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். 1978-ல் லக்ரோன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ‘ராணுவக் குடும்ப நோய்க்குறி’ என்றே ஒன்றைப் பேசினார். அதிகார அப்பா, சோர்ந்த அம்மா, அடங்காத பிள்ளை என்ற சித்திரம் அதிலிருந்து பரவியது. 1991-ல் ஜென்சனும் அவர் குழுவினரும் அதை மறுபடி ஆராய்ந்து, ராணுவப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட மோசமாக இல்லை என்று காட்டினார்கள். 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வு பெற்றோரிடம் கேட்டு எழுதப்பட்டது. இடமாற்றம் கூடக் கூட வளரிளம் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் குறைகின்றன என்று அது சொன்னது. பழகப் பழகத் தேறிவிடுகிறார்கள் என்று பொருள். அதை மேற்கோள் காட்டாத ராணுவ அதிகாரி கிடையாது என்று நினைக்கிறேன். 2014-ல் மில்லகனும் உடன் ஆய்வாளர்களும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவப் பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். முந்தைய ஆண்டில் வீடு மாறிய பிள்ளைகள் மனநலச் சிகிச்சைக்கு வருவது கூடியிருந்தது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களில் அவசரப் பிரிவுக்கும் உள்நோயாளி அனுமதிக்கும் போனவர்களும் அதிகம்.

ராணுவத்தோடு தொடர்பே இல்லாத டென்மார்க் ஆய்வுதான் இதற்கெல்லாம் ஒரு திறவுகோல் என்பேன். 1971 முதல் 1997 வரை அந்நாட்டில் பிறந்த எல்லோரையும் பதிவேடுகள் வழியாகப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். பதினைந்து வயதுக்குள் ஊர்விட்டு ஊர் மாறியவர்களுக்குப் பிற்காலத்தில் தற்கொலை முயற்சி, போதை, மனநோய், வன்முறைக் குற்றம் ஆகியவற்றின் அபாயம் கூடியிருந்தது. எல்லா வயது மாற்றத்துக்கும் சிறிது உண்டு. ஆனால் 12 முதல் 14 வயதுக்குள் நடந்த மாற்றத்தில்தான் கோடு செங்குத்தாக ஏறுகிறது. குடும்பம் வசதியானதா ஏழையா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. இதோடு, அமெரிக்காவில் ஏழாயிரத்துச் சொச்சம் பெரியவர்களை ஆராய்ந்து ஓயிஷியும் ஷிம்மாக்கும் 2010-ல் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம். சின்ன வயதில் பலமுறை ஊர் மாறியவர்களில் கூச்ச சுபாவிகள்தான் பின்னாளில் மனநிறைவு குறைந்து காணப்பட்டார்கள். கலகலப்பானவர்களுக்கு அந்தப் பாதிப்பு இல்லை.

எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. இடமாற்றம் என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. ஐந்து வயதுப் பையன் புதுக் குவார்ட்டர்ஸில் மாடிப்படி இருக்கிறதா என்றுதான் கேட்பான். பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு அவளுடைய உலகமே இரண்டு தோழிகள்தான். அதோடு, போய்ச் சேரும் இடத்தில் எல்லோரும் புதியவர்களா, இவள் மட்டும்தான் புதியவளா என்பதும் இருக்கிறது.

வெலிங்டனைப் பாருங்கள். குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் படைத்துறைப் பணியாளர் கல்லூரிக்கு ஒவ்வொரு கோடையிலும் நூற்றுக்கணக்கான அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். பதினொரு மாதத்துக்குள் படிப்பு முடிந்து கலைந்துவிடுகிறார்கள். அங்குள்ள பள்ளிகளில் வகுப்பில் ஒரு பகுதி ஆண்டுதோறும் காலியாகி நிரம்புகிறது. புதுப் பிள்ளை வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் பார்க்கிறவனும் போன மாதம்தான் வந்திருப்பான். ‘எங்கிருந்து வர்றே?’ ‘பட்டிண்டா.’ ‘நாங்க அதுக்கு முன்னாடி அங்கதான் இருந்தோம், அந்த நீச்சல் குளம் இப்ப திறந்திருக்கா?’ இப்படிச் சினேகம் ஒரே நாளில் முடிந்துவிடும். கன்டோன்மென்டுகள் பிள்ளைகளை ஏந்திக்கொள்வதன் ரகசியம் இதுதான். அப்பாவின் ரேங்க் எது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வயதிலேயே தெரிந்துவிடும், எந்தப் பூங்காவில் யார் விளையாடலாம் என்பதும் தெரிந்துவிடும் என்பது அதன் இன்னொரு பக்கம். இருந்தாலும், அலைகிறவன் என்ற பெயர் அங்கே யார்மேலும் தனியாக ஒட்டாது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் அதிகாரியின் பிள்ளைக்குப் பொருந்தும். சிப்பாயின் பிள்ளை அலைவது வேறு மாதிரி. படைப்பிரிவு பீஸ் ஸ்டேஷனில் இருக்கும்போது, குவார்ட்டர்ஸ் முறை வந்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். முறை வருவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடுவதும் உண்டு. பிறகு பிரிவு ஃபீல்டுக்குப் போகும். காஷ்மீர், சிக்கிம், அருணாசலம். அங்கே குடும்பம் போக முடியாது. பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கென்று தனி வீடுகள் உண்டு. ஆனால் எல்லோருக்கும் போதாது. அம்மாவும் பிள்ளைகளும் ஊருக்குத் திரும்பி ஆயா வீட்டில் இருப்பார்கள். அதிகாரியின் மகன் கே.வி.யிலிருந்து கே.வி.க்குப் போகிறான். ஹவில்தாரின் மகளோ வேலூர் மாவட்டத்தில் தமிழ்வழி அரசுப் பள்ளியிலிருந்து மீரட்டில் இந்தியும் ஆங்கிலமும் கலந்த வகுப்புக்குப் போகிறாள், இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறாள். பாடத்திட்டம், பயிற்று மொழி, எழுத்து எல்லாம் ஒவ்வொரு முறையும் மாறுகின்றன. ‘ஒரே புத்தகம்’ என்ற ஏற்பாட்டின் பலன் அவளுக்கு முழுசாகப் போய்ச் சேரவே இல்லை. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்களில் இது எல்லா வீட்டிலும் நடக்கும் கதை. ஆகவே அங்கே யாரும் இதை ஒரு கதையாகச் சொல்வதில்லை.

எல்லா மாற்றங்களிலும் கடினமானது, ராணுவத்தின் கணக்கில் வராத ஒன்று: அப்பா ஓய்வுபெற்று ‘ஊரோடு வந்துவிடும்’ அந்தக் கடைசி மாற்றம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தொன்பது இருபது வயதில் சேர்கிறார். இருபத்தாறு இருபத்தேழில் கல்யாணம். பதினைந்து வருஷ சேவைக்குப் பென்ஷன் தகுதி வந்துவிடும். எந்த ரேங்கில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து, நாற்பது வயதை ஒட்டிப் பெரும்பாலோர் வெளியே வந்துவிடுகிறார்கள். அப்போது மூத்த பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதிமூன்று. டென்மார்க் பதிவேடுகள் எந்த வயதைச் சுட்டினவோ அதே வயது. யாரும் திட்டமிட்டதல்ல, சேவைக் காலமும் கல்யாண வயதும் சேர்ந்து கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றன.

அப்பாவுக்கு அது திரும்பி வருதல். ஊரில் அவர் பெயரைச் சொன்னால் தெரியும், அவருடைய கிணறு இருக்கிறது, பங்காளிச் சண்டைகூட அப்படியே காத்திருக்கிறது. மகளுக்கோ அது இன்னொரு போஸ்டிங், அதிலும் இவள் ஒருத்தி மட்டும் புதியவளாக இருக்கும் முதல் போஸ்டிங். வகுப்பில் மற்றவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் வளர்ந்தவர்கள். இவளை ‘மிலிட்டரிக்காரர் பொண்ணு’ என்பார்கள். போன மாதம் வரை சாயங்காலம் சைக்கிளில் கன்டோன்மென்ட் முழுக்கச் சுற்றியவளிடம், ‘வயசுக்கு வந்த பொண்ணுக்கு ரோட்டுல என்ன வேலை’ என்று ஆயா கேட்பாள். பக்கத்து வீட்டில் சர்தார்ஜி, மேல்வீட்டில் கார்வாலி என்று வளர்ந்தவளிடம் முதல் வாரத்திலேயே யாராவது ‘நீங்க எந்தத் தெரு?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் இருப்பது சாதி என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நாள் ஆகும். புரிந்த பிறகு அவள் அப்பாவிடம் என்ன கேட்பாள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

படிப்பில் தடுக்கி விழும் இடம் தமிழ். வீட்டில் பேசுவாள், நன்றாகவே பேசுவாள். படிக்க வராது. கே.வி.யில் ஆறாம் வகுப்பிலிருந்து மூன்றாம் மொழி சம்ஸ்கிருதம். தமிழ் வேண்டுமென்றால் ஒரு பள்ளியில் குறைந்தது பதினைந்து பிள்ளைகள் கேட்க வேண்டும், அப்போது தற்காலிக ஆசிரியரை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது விதி. பரேலியிலோ அம்பாலாவிலோ பதினைந்து தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்த்து மனு கொடுப்பதற்குள் பாதிப்பேருக்கு மாற்றல் வந்துவிடும். இங்கே வந்தால் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம். சட்டத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் எட்டாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை ‘அ’விலிருந்து தொடங்க வேண்டும் என்றால் அதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். கணக்கில் முதலாவதாக வருகிறவள் தமிழ் வகுப்பில் வரிவரியாக எழுத்துக் கூட்டும்போது பின் பெஞ்சில் எழும் சிரிப்பை எந்தக் கல்விப்படியும் ஈடுகட்டாது. பிறகு கல்லூரிச் சேர்க்கையின்போது, வெளி மாநிலத்தில் படித்தவர் என்பதால் இருப்பிடச் சான்றுக்குத் தாலுகா அலுவலகத்தில் நிற்க வேண்டிவரும். இந்த ஊர்க்காரிதான் என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

சரி, என்ன செய்யலாம்?

வீட்டில் செய்யக்கூடியவை செலவில்லாதவை. ஆர்டர் வந்த செய்தியைப் பெரியவர்கள் சமையலறையில் கிசுகிசுப்பதை முதலில் நிறுத்தலாம். பிள்ளைக்கு எப்படியும் தெரிந்துவிடும், தானே ஊகித்துக்கொள்ளும் செய்தி உண்மையைவிடப் பெரிதாக இருக்கும். ராணுவ வீடுகளில் கறுப்பு டிரங்குப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர். ரேங்க் உயரும்போது பழைய எழுத்தின் மேல் கறுப்பு அடித்துப் புதிதாக எழுதுவார்கள். கீழே பழையது லேசாகத் தெரியும். அவற்றில் ஒன்றைப் பிள்ளையின் பெயருக்கு எழுதிக் கொடுக்கலாம். அதில் என்ன வைப்பது என்பது பிள்ளையின் பாடு. லாரியில் கடைசியாக ஏறி, புது வீட்டில் முதலில் திறக்கப்படும் பெட்டி அதுவாக இருக்கட்டும். உடைந்த பேட்டும் கூழாங்கல்லும் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், ‘இந்தக் குப்பை எதுக்கு’ என்று கேட்காமல் இருப்பதுதான் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. விடைபெறுவதையும் அவசரப்படுத்தக் கூடாது. ரயில் டிக்கெட் கையில் இருக்கிறது என்று பள்ளியின் கடைசி நாளன்று பாதியில் கூட்டிக்கொண்டு கிளம்பிய பிள்ளைகள் அதை நெடுநாள் மறப்பதில்லை.

தமிழை ஓய்வுபெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் ஆரம்ப நிலைப் பாடங்கள் இருக்கின்றன. எந்த ஸ்டேஷனிலும் நான்கு தமிழ்க் குடும்பங்களாவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், யாராவது ஓர் அம்மா சொல்லிக்கொடுத்தால் போதும். ஊருக்கு வரப்போகிற வருஷம் தெரிந்ததும், அதற்கு இரண்டு வருஷம் முன்பிருந்தே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

ஓய்வு பெறும் தேதியையும் பிள்ளையின் வகுப்பையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக்காக மாற்றலைத் தள்ளிவைக்கக் கேட்பது அதிகாரிகளிடையே வழக்கம். பொதுத்தேர்வுக்குக் கிடைக்கும் அந்த மரியாதை ஏழாம் எட்டாம் வகுப்புக்குக் கிடைப்பதில்லை. ஆய்வுகளை நம்பினால், பொத்திப் பாதுகாக்க வேண்டிய வருஷங்கள் அவைதான். ஓய்வுத் தேதியை நகர்த்த முடியாது என்றால் குடும்பத்தையாவது பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே ஊருக்கு அனுப்பிவிடலாம். அல்லது ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையும்வரை கடைசி ஸ்டேஷன் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்து இருக்கலாம். இரண்டிலும் அப்பாவைப் பிரிந்திருக்க நேரலாம். ஃபீல்டு பார்த்த குடும்பத்துக்கு அது புதிதல்ல.

பள்ளிக்கூடம் செய்யக்கூடியதில் மிகச் சுலபமானது, ஒரு துணை. அமெரிக்காவில் ராணுவப் பிள்ளைகளின் கல்விக்கான கூட்டமைப்பு ஒன்று 2004 முதல் ‘மாணவருக்கு மாணவர்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. புதிதாக வருகிறவனுக்குப் பள்ளியைச் சுற்றிக்காட்டுவதும், முதல் வாரம் அவன் தனியாகச் சாப்பிடாமல் பார்த்துக்கொள்வதும் மாணவர்களின் பொறுப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கே உட்காருவது என்ற சங்கடம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. இங்கிலாந்தில் 2011 முதல் படைவீரரின் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை பள்ளிக்கே போகிறது; இப்போது அது முந்நூறு பவுண்டுக்கு மேல். பெற்றோரிடம் அல்ல, பள்ளியிடம் தருவதுதான் அதில் கவனிக்க வேண்டியது. அந்தப் பிள்ளையின் மனநிலையைக் கவனிக்க ஓர் ஆளுக்கு நேரம் ஒதுக்கு என்று அரசு சொல்லாமல் சொல்கிறது. நம்முடைய கல்விப்படி பெற்றோரின் கணக்கில் விழுந்து ஷூவாகவும் புத்தகமாகவும் மாறிவிடுகிறது. அது தேவைதான். ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்குப் பள்ளி முடிந்த பிறகு அரை மணி நேரம் உட்கார ஓர் ஆசிரியரை அது தராது.

அக்னிபத் வந்த பிறகு இந்தக் கணக்குகள் மாறும். 2022 முதல் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் நான்கே வருஷத்தில், கல்யாணத்துக்கு முன்பே வெளியே வந்துவிடுவார்கள். அவர்களுக்கு அலைச்சல் இருக்கும், அலையும் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு முன் சேர்ந்தவர்கள் இன்னும் இருபது வருஷத்துக்கு ஓய்வுபெற்று வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

ஓய்வுபெறும் வீரருக்கு மறுவாழ்வுப் பயிற்சி இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் அதை நடத்துகிறது. சேவையின் கடைசிக் கட்டத்தில் சில வாரம் முதல் ஆறு மாதம் வரை, ஒரு தொழிலையோ பாதுகாப்பு மேற்பார்வையையோ கற்றுக்கொண்டு வெளியே வரலாம். சிவில் வாழ்க்கைக்கு ஒருவரைப் பழக்க வேண்டும் என்பதை ராணுவம் ஒப்புக்கொள்கிறது. அதே நாளில் அதே வாழ்க்கைக்குள் விழும் பிள்ளைக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நலனுக்கென்று மாவட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்று வருகிறவர் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு அங்கே போய்ப் பதிந்துகொண்டு அடையாள அட்டை வாங்குகிறார். ஆக, வந்திருப்பது யார், எந்த ஊரில் குடியேறுகிறார் என்பது அரசுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் படிவத்தோடு ஒரு தாளைச் சேர்க்கலாம்: பிள்ளை எந்த வகுப்பு, தமிழ் படிக்கத் தெரியுமா, எந்தப் பள்ளியில் சேர்க்கப்போகிறீர்கள். அதன் ஒரு நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போனால், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது தலைமையாசிரியருக்கு யார் வரப்போகிறாள் என்று தெரிந்திருக்கும்.